சாயம் போகும், உப்பு போகாது!

புதிதாக ஒரு கருநீலப் புடவை வந்தால் முதல் நனைப்புக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? வாளித் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைக் கரைத்து, புடவையை அதில் அரை மணி நேரம் ஊற வைப்போம். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பாட்டி அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா நமக்குச் சொன்னாள். இன்றைய சாயங்களிடம் இந்த வைத்தியம் எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பது வேறு விஷயம். புடவையை அலசிக் கொடியில் போட்டதும் அந்த வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவோம். அந்தப் பிடி உப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

திருப்பூர் அதைக் கேட்க வேண்டி வந்தது. தானாகக் கேட்கவில்லை, நீதிமன்றம் கேட்க வைத்தது.

திருப்பூரை நம் வாசகிகளுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டு ஆண்பிள்ளைகளின் பனியனைத் திருப்பிக் கழுத்துப் பட்டையைப் பார்த்தால் போதும். 1920-களிலேயே பின்னல் யந்திரங்கள் வந்து இறங்கிய ஊர் அது. வெகு காலம் வெள்ளைப் பனியன் பின்னி உள்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1970-களின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களும் முதலில் வெள்ளைதான் கேட்டார்கள். பிறகு சிவப்பு கேட்டார்கள், பச்சை கேட்டார்கள், கறுப்பு கேட்டார்கள். கேட்ட நிறத்தைக் கொடுக்க நொய்யல் கரையோரம் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக் கணக்கில் முளைத்தன.

சாயப்பட்டறைக்கு உப்பு எதற்கு? பருத்தியும் இந்தக் காலத்துச் சாயமும் தண்ணீருக்குள் இறங்கியதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம். மனஸ்தாபம் கொண்ட சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார மறுப்பது போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உப்புப் புகுந்து சமாதானம் செய்தால்தான் சாயம் நூலின் பக்கத்தில் வரும். வந்த பிறகு சோடா சாம்பல் முடிச்சைப் போட்டுவிடும். முடிச்சு விழுந்ததும் தரகருக்கு அங்கே வேலையில்லை. துணியில் உப்பு தங்குவதில்லை. போட்டதெல்லாம் கழிவு நீரோடு வெளியே வந்துவிடுகிறது.

எவ்வளவு உப்பு என்று ஒரு சமையலறைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயத் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு. பெருக்கினால் 480 கிராம்! கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நம் வீட்டில் ஒரு மாதம் வரும் ஒரு கிலோ உப்புப் பொட்டலம், சாயப்பட்டறையில் பத்துப் பன்னிரண்டு சட்டைகளோடு தீர்ந்துவிடும். திருப்பூரிலிருந்து எத்தனை சட்டை வெளியே போகிறது என்பதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

அத்தனை உப்பும் நொய்யலுக்குத்தான் போயிற்று.

நொய்யல் பெரிய நதியல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நடந்து, காவிரியில் சேருகிறது. காஞ்சிமாநதி என்று பழைய பெயர். மழை பெய்தால் ஓடும். இல்லாவிட்டால் மணலாகக் கிடக்கும். சாயப்பட்டறைகள் வந்த பின்பு அது வருஷம் முழுவதும் ஓட ஆரம்பித்தது. இன்று என்ன நிறம் என்று பார்த்து, ஐரோப்பாவில் அடுத்த பருவத்துக்கு எந்த நிறம் நாகரிகம் என்று சொல்லிவிடலாம் என வேடிக்கையாகப் பேசிக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. வேடிக்கை பேசியவர்கள் ஊருக்குள் இருந்தவர்கள். ஆற்றின் கீழே இருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்கு நீர் கொடுக்க என்று கட்டி, 1992-ல் திறந்தார்கள். வெள்ளம் வரும்போது தேக்கி வைத்து, வேண்டும்போது விடலாம் என்பது திட்டம். தேங்கியது என்னவோ திருப்பூரின் சாயக் கழிவுதான். அணை கட்டினால் ‘தண்ணீரைத் திற’ என்று விவசாயிகள் போராடுவது உலக வழக்கம். ‘திறக்காதே’ என்று ஆயக்கட்டுக்காரர்களே மறித்து நின்ற விந்தையை ஒரத்துப்பாளையத்தில்தான் கண்டோம்! திறந்தால் வயல் கெடும். மூடி வைத்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் ஊறும். இரண்டில் எது மேல் என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

இதற்குப் பரிகாரம் செய்யாமல் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் பட்டறைகள் பல சேர்ந்து எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. அங்கே சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுக் கலக்கினார்கள். சாயம் சேறாகத் திரண்டு அடியில் படிந்தது. மேலே தெளிந்த நீர் நின்றது. அதை ஆற்றில் விட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் விட்டால் அல்லவா தெரியும், உப்பு அப்படியே இருப்பது! கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு போனதால் காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். நொய்யல் கதையில் என்னை மிகவும் உறுத்தும் இடம் இதுதான். கையில் கறை பட்டால் கழுவுகிறோம். கறை தெரியாவிட்டால் கழுவத் தோன்றுவதில்லை. இந்தச் சுபாவம் பட்டறைக்காரர்களுக்கு மட்டும் உள்ளதல்ல.

ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டியம்மாள் வீட்டுத் திண்ணையில் ஒரு பகற்பொழுது உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது மோர். அடுத்தாற்போல் வந்தது ஒரு பித்தளைச் சொம்பில் கிணற்றுத் தண்ணீர்.

“கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க கண்ணு. முழுங்கீராதீங்க” என்றாள்.

பார்த்தேன். கடல் தண்ணீர் போல் கரிக்கவில்லை. ஆனால் உவர்ப்போடு ஒரு கசப்பு, நாவின் அடியில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் போகவில்லை.

“இதுல பருப்பு வேகுமுங்களா பாட்டி?”

“எங்கீங்க வேகறது? விறகுதான் வேகும். சோப்புப் போட்டா நுரை வராது, தயிராட்டம் திரிஞ்சுக்கும். தலைக்கு ஊத்தினா முடி கயிறாட்டம் நிக்குமுங்க. இந்தக் கெணத்துத் தண்ணியில நான் வந்த புதுசுல நெல்லும் மஞ்சளும் விளைஞ்சுது. இப்ப இந்தத் தென்னையும், மாட்டுக்குத் தட்டும்தான்.”

இந்தக் கிணறு மோசம். இரண்டு வயல் தள்ளி இருக்கும் கிணறு அவ்வளவு மோசமில்லையாம். அது எப்படி என்று பாட்டிக்கு வியப்பு. எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. பிறகு விசாரித்ததில் விளங்கியது. கொங்கு நாட்டு மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மணலில் நீர் பரவுவது போல் அங்கே பரவாது. பாறையில் உள்ள விரிசல்களில் மட்டும் ஓடும். எந்த விரிசல் எந்தக் கிணற்றோடு சேர்ந்திருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி ஒரு வீட்டுக்கு அதிர்ஷ்டம், ஒரு வீட்டுக்குத் துரதிர்ஷ்டம். நல்ல குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். சாயப்பட்டறையிலிருந்து வெளிவரும் நீரிலோ பல ஆயிரக்கணக்கில் இருக்கும்.

உப்பு நிலத்தையும் விட்டு வைப்பதில்லை. சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்துவிடுகிறது. மழை பெய்தால் மண் குழைந்து வழுக்கும். வெயில் அடித்தால் ஓடு போல் இறுகும். வேருக்குக் காற்றும் கிடைக்காது, நீரும் கிடைக்காது.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் கொடுத்த தீர்ப்பையொட்டிச் சூழல் இழப்பீட்டு ஆணையம் ஒன்று அமைந்திருந்தது. அந்த ஆணையம் நொய்யல் கரையையும் ஆராய்ந்து, 28,000-க்கும் அதிகமான விவசாயிகளுக்கு ஏறக்குறைய 24.8 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2004-ல் கணக்கிட்டது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும், அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை பைசா என்று அபராதம் கட்ட வேண்டும். சாயப்பட்டறைச் சங்கத்தினர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் அதே பதில்தான். மூன்று மாதம் அவகாசம் கிடைத்தது. அவகாசம் முடிந்தும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

கிராமத்தில் நிம்மதிப் பெருமூச்சு. ஊருக்குள்? ஊருக்குள்ளும் குடும்பங்கள்தானே இருக்கின்றன. சாயப்பட்டறையில் வாரக் கூலி வாங்கி, சனிக்கிழமை மாலை மளிகைக் கடைக் கணக்கைத் தீர்த்தவர்கள் வீட்டில் அந்த வாரம் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். துணிகள் சாயம் தோய்க்க வெளியூர்களுக்கு லாரி ஏறின. தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள். சில பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களில் சத்தமில்லாமல் முளைத்ததும் உண்டு. அங்கேயும் ஓர் ஆறு இருக்கும், அங்கேயும் ஒரு பாட்டி இருப்பாள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், கிணறு இழந்தவள் பக்கம்தான் என்று நான் சொல்வேன். ஆனால் கூலி இழந்தவளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்வது சுலபமல்ல.

இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகி ஒருத்தி கேட்பாள்: “அணையை மூடினது, பட்டறையை மூடினது எல்லாம் சரி. மண்ணுக்குள்ளே போன அழுக்கை வெளியே எடுக்க இந்தக் காலத்து விஞ்ஞானத்துக்கு ஒரு வழியும் தெரியாதா?”

தெரியும். ஆனால் என்ன அழுக்கு என்பதைப் பொறுத்தது அது. சென்னை தண்டையார்ப்பேட்டையில் 2013-ல் நடந்தது நினைவிருக்கலாம். அங்கே சில தெருக்களில் ஆழ்குழாயை இறைத்தால் எண்ணெய் வாடையோடு தண்ணீர் வந்தது. பூமிக்கடியில் ஓடிய எரிபொருள் குழாயில் கசிவு. பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ச் சுத்தம் செய்ய உத்தரவாயிற்று. பெட்ரோல் பொல்லாதது. அதில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. இருந்தாலும் பெட்ரோலிடம் மூன்று நல்ல குணங்கள் இருக்கின்றன. தண்ணீரைவிட லேசானதால் சாம்பாரில் எண்ணெய் போல் மேலே மிதக்கும். குழாய் இறக்கி வழித்து எடுக்கலாம். எளிதில் ஆவியாகும், மண்ணிலிருந்து அந்த ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது தீனி! காற்றும் கொஞ்சம் ஊட்டமும் கொடுத்தால் அவை மிச்சத்தைத் தின்று கரியமில வாயுவும் தண்ணீருமாக ஆக்கிவிடும். அமெரிக்காவில் பூமிக்குள் புதைத்த பெட்ரோல் தொட்டிகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை இப்படிப் பல வழிகளில் சுத்தமும் செய்துவிட்டார்கள்.

உப்புக்கு இந்தக் குணம் ஒன்றுகூட இல்லை. மிதக்காது, ஆவியாகாது, எந்தப் பூச்சியும் தின்னாது. ரசத்தில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வோம்? வெந்நீர் ஊற்றுவோம். அதனால் உப்பு குறைந்துவிடுமா? சட்டிதான் பெரிதாகும். கிணற்றை எல்லாம் இறைத்து யந்திரத்தில் வடிகட்டலாம் என்றால், வடிந்த உப்பைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். கொட்டிய இடத்தில் மழை பெய்தால் மறுபடியும் மண்ணுக்குள்!

ஆகவே திருப்பூருக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. உப்பை வாசலைத் தாண்ட விடக்கூடாது. 2011-க்குப் பின் ஊர் அந்த வழியில்தான் திரும்பியது. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகப் புதிய யந்திரங்களோடு திறந்தன. பட்டறைகளும் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

அப்படி ஒரு நிலையத்தைச் சுற்றிப் பார்த்தேன். கூட வந்த இளைஞர் ரசாயனம் படித்த பொறியாளர். நான் சமையலறைப் பாஷையில் கேள்வி கேட்டதில் அவருக்கு முதலில் சற்றுச் சங்கடம். பிறகு அவரே அந்தப் பாஷைக்கு வந்துவிட்டார்.

பட்டறைகளிலிருந்து குழாய் வழியாக வரும் கழிவு, குளம் போன்ற தொட்டியில் விழுகிறது. நிறம்? கறுப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. பல வீட்டுக் கொலுப்பொம்மைச் சாயத்தை ஒரே அண்டாவில் கரைத்தாற் போலிருந்தது. அடுத்த தொட்டியில் காற்றைக் கொடுத்து நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். அவை தின்னக்கூடியதைத் தின்றுவிடும். மீதிச் சாயத்தையும் போக்கி, தெளிந்த நீரைச் சல்லடைகளுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோமே, ஆர்.ஓ. யந்திரம், அதன் பெரியப்பா! ஆள் உயரத்தைத் தாண்டி அடுக்கடுக்காகக் குழாய்கள். ஒரு பக்கம் நல்ல நீர் வருகிறது. அது பட்டறைக்கே திரும்பிப் போய் மறுபடியும் துணியை நனைக்கிறது. மறுபக்கம் வருவது கெட்டி உப்புநீர்.

நம் வீட்டு யந்திரத்தில் அந்த மறுபக்கத்துத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிடுகிறோம். இங்கே விடக்கூடாது. அதைக் காய்ச்ச வேண்டும்.

“இட்லிக் கொப்பரை மாதிரின்னு வச்சுக்கோங்க. அடித்தட்டு ஆவி மேல்தட்டை வேக வைக்குது இல்லீங்களா? ஒரு கலத்துல கிளம்பற ஆவிதான் அடுத்த கலத்துக்கு அடுப்பு. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைச்சுட்டா நூறு டிகிரிக்குக் கீழேயே கொதிச்சிரும். விறகு மிச்சம்” என்றார் பொறியாளர்.

“கடைசியில்?”

ஒரு கொட்டகைக்கு அழைத்துப் போனார். யந்திரத்தின் வாயிலிருந்து வெள்ளையாக, ஈரப் பரல்களாக உப்பு விழுந்துகொண்டிருந்தது. எந்த உப்பு சாயத்தையும் நூலையும் சேர்த்து வைத்ததோ அதே உப்பு! சாக்கில் பிடித்துச் சாயப்பட்டறைக்கே மறுபடி அனுப்புகிறார்கள். அருள்புரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொரு சுருக்கு வழியும் செய்து பார்த்து வெற்றி கண்டார்கள். எல்லாவற்றையும் காய்ச்சிப் பொடியாக்குவானேன், உப்புநீரையே சுத்தம் செய்து உப்புநீராகவே சாயத் தொட்டிக்குத் திருப்பிவிடலாமே என்ற யோசனை அது. தமிழ்நாடு நீர் முதலீட்டுக் கழகம் முன்நின்று செய்தது. காய்ச்சுகிற செலவில் பெரும் பங்கு இதனால் குறைகிறது. இன்று திருப்பூரில் பதினெட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்படி இயங்குகின்றன. சொந்தமாக வைத்துக்கொண்ட பட்டறைகள் தனி. ஒரு தொழில் நகரம் முழுவதும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது இந்தியாவில் புதுமை. வெளிநாட்டிலிருந்தும் வந்து பார்த்துப் போகிறார்கள்.

பெருமைதான். ஆனால் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகையும் இருந்தது. அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது பழுப்பு நிறத்தில் ஒன்று. பலவகை உப்புகளும் மிச்ச அழுக்கும் பிரிக்க முடியாமல் கலந்துபோன கலவை. யாருக்கும் உதவாது. வெளியே கொட்டவும் முடியாது. கூரை போட்டு, தரை பூசி, மழை படாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். “இதை என்ன பண்றதுங்கறதுதான் எங்களுக்கு ராத்தூக்கம் இல்லாத சமாசாரம்” என்றார் பொறியாளர். மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் சொன்னார். அதையெல்லாம் சட்டை வாங்குகிறவன் விலையில் கொடுக்க மாட்டேன் என்கிறானாம். ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்று இன்னமும் அவ்வப்போது செய்தி வருகிறதே என்று கேட்டேன். மனிதர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

ஒரத்துப்பாளையம் அணையில் இப்போது தண்ணீரைத் தேக்குவதில்லை. ஏற்கெனவே மண்ணுக்குள் போன உப்பு அங்கேயேதான் இருக்கிறது. வேளாண்மைக்காரர்கள் சொல்லும் சிகிச்சை ஒன்று உண்டு. வயலில் ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம், களிமண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தை விலக்கிவிடும். தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண் இளகும். விலகிய சோடியத்தைக் கழுவிக் கீழே தள்ள மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர்தான் அங்கே இல்லை! ஆகையால் மழைதான் வைத்தியர். பெய்கிற மழை குளத்தில் நின்று, பாறை விரிசலுக்குள் இறங்கி, வருஷா வருஷம் கொஞ்சங் கொஞ்சமாக உப்பை நீர்க்கச் செய்ய வேண்டும். நொய்யல் நெடுகப் பழைய அரசர்கள் வெட்டிய குளங்கள் இன்னும் இருப்பது அந்த மட்டில் பாக்கியம். திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பனியன் கம்பெனிச் சங்கு கேட்கும் தூரத்தில் பறவைகள் மீன் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது.

ஊர் திரும்புமுன் மறுபடி பாட்டியின் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் வருகிறது. அது வராத நாளில் விலைக்கு வாங்குகிறார்கள். கிணற்றை மூடிவிடவில்லையா என்று கேட்டேன்.

“மூடறதா? எங்க மாமனார் வெட்டுன கெணறுங்க. போன ஐப்பசியில நல்ல மழை. அப்ப இதுல ஒரு நாள் பருப்புப் போட்டுப் பார்த்தேனுங்க கண்ணு.”

“வெந்ததுங்களா?”

“பாதி வெந்துச்சு” என்றாள் பாட்டி. “அடுத்த மழைக்கு இன்னொருக்காப் போட்டுப் பார்க்கோணும்.”